எழுத்து (1959–1970)

சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' இலக்கியப் பத்திரிகை நின்றுபோய் அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. 1959 ஜனவரியில் தொடங்கி, 119 இதழ்கள் வந்து, 1970இல் மறைந்தது. அதன் இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது.

செல்லப்பா வத்தலக்குண்டுக்காரர். சுதந்திரப் போரில் சிறை சென்றவர், 'மணிக்கொடி' இதழில் கதை எழுதியவர், 'வாடிவாசல்' குறுநாவலைத் தந்தவர். அவருக்கு ஒரு தீராத மனக்குறை இருந்தது. கதை பிரமாதம் என்கிறார்கள், மட்டம் என்கிறார்கள். ஏன் என்று மட்டும் எவரும் சொல்வதில்லை. விமர்சகர் க. நா. சு. தம் ரசனையை நம்பித் தரம் பிரித்தார், பட்டியல் தந்தார். செல்லப்பாவுக்கு அது போதவில்லை. கதை எங்கே தொடங்குகிறது, யார் பார்வையில் நகர்கிறது, இந்தச் சொல் இங்கே எதற்கு என்று பிரித்துக் காட்டிய பிறகே தீர்ப்பு என்றார். அலசல் விமர்சனம் என்று அதற்குப் பெயர் நிலைத்தது. சில நேரம் அலசலின் நீளத்தில் கதையின் உயிர்ப்பு தவறிப்போனதும் உண்டு. ஆனாலும் காரணங்களை முன்னால் வைத்ததால் வாசகன் அவரை மறுத்து எழுத முடிந்தது.

மறுப்பவர்களுக்கும் தம் பத்திரிகையிலேயே இடம் கொடுத்தார். க. நா. சு.வே அதில் எழுதினார். வெங்கட் சாமிநாதன் விமர்சகராக எழுந்தது அங்கேதான். திருகோணமலையிலிருந்து இருபது வயது தருமு சிவராமுவின் கவிதைகள் அங்கே வந்து சேர்ந்தன. ந. பிச்சமூர்த்தி, சி. மணி, பசுவய்யா, வைதீஸ்வரன் எல்லாரும் எழுதினார்கள். யாப்பில்லாத இதெல்லாம் கவிதையா என்று கேலி எழுந்த காலத்தில், 1962இல், 24 கவிஞர்களைச் சேர்த்து 'புதுக்குரல்கள்' தொகுப்பைத் தாமே வெளியிட்டார். புதுக்கவிதை காலூன்றியது இந்தப் பிடிவாதத்தால்தான்.

சந்தா ஒருபோதும் போதவில்லை. கதர் வேட்டியும் கனத்த பையுமாகக் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிப் புத்தகம் விற்றார். கடைசியில் பத்திரிகை நின்றது. அவர் எழுதுவது நிற்கவில்லை. 1998 டிசம்பரில் காலமானார். 'சுதந்திர தாகம்' நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001இல்.

இன்று புத்தகம் வெளிவந்த மறுநாளே பாராட்டு வந்துவிடுகிறது. அதில் ஒரு பத்தியையாவது எடுத்துப் பிரித்துக் காட்டுபவர் அரிது. 'எழுத்து' போனதில் நாம் இழந்தது இப்படிப் பிரித்துக் காட்டும் பழக்கத்தைத்தான்.

உங்கள் வீட்டுப் பரணில் அந்தப் பழைய இதழ்கள் ஒன்றிரண்டு கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படித்துவிட்டு, ஒரு நல்ல நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.