கோலாலம்பூர் போகும் முன்: தென்னாற்காட்டுக்கும் அந்த ஊருக்கும் என்ன உறவு?

விடுமுறைக்கு வெளிநாடு என்றால் நம் குடியிருப்பில் முதலில் அடிபடும் பெயர்களில் ஒன்று கோலாலம்பூர். சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் 4 மணி நேரம். டூர் பேக்கேஜில் இரட்டைக் கோபுரம், கெந்திங் மலை, பத்துமலை முருகன், கொஞ்சம் ஷாப்பிங் என்று மூன்று நாள் ஓடிவிடும். அதில் ஒரு நாளை மட்டும் பழைய ஊருக்கு ஒதுக்குங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய பழைய தென்னாற்காடு மாவட்டம், மலாயாவுக்குத் தொழிலாளர்கள் அதிகம் போன தமிழ் மாவட்டங்களில் ஒன்று. கோலாலம்பூரின் கதையில் நம் தாலுகாக்காரர்களின் உழைப்பும் இருக்கிறது.

ஆறு கூடும் இடம்

நடையை மஸ்ஜித் ஜாமிக் ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். கோம்பாக், கிள்ளான் ஆறுகள் கூடுவது அங்கேதான். 'கோலா' என்றால் கூடுமிடம் அல்லது முகத்துவாரம். 'லும்பூர்' என்றால் சேறு. 1857ல் கிள்ளான் பகுதித் தலைவர் ராஜா அப்துல்லா, ஈயம் தோண்ட 87 சீனத் தொழிலாளர்களை ஆற்றுவழியாக அனுப்பினார். அவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் மலேரியாவில் இறந்தார்கள். ஆனாலும் ஈயம் கிடைத்தது, படகுகள் நின்ற இடத்தில் கடைகள் வந்தன, ஊர் உண்டானது.

1880ல் சிலாங்கூரின் தலைநகரம் கிள்ளானிலிருந்து இங்கே மாறியது. அடுத்த ஆண்டே தீயும் வெள்ளமும் ஓலைக்கூரை ஊரை அழித்தன. 1882ல் பொறுப்பேற்ற ஆங்கிலேய ரெசிடென்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், இனிமேல் செங்கல்லும் ஓடும் கொண்டுதான் கட்ட வேண்டும் என்றார். செங்கல் சூளைகள் இருந்த பகுதிதான் இன்று 'லிட்டில் இந்தியா' எனப்படும் பிரிக்ஃபீல்ட்ஸ்.

எழும்பூரின் தம்பி

ஆற்றைத் தாண்டினால் மெர்டேக்கா சதுக்கம். 1957 ஆகஸ்ட் 31 பிறந்த நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது இந்தத் திடலில்தான். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் 1910ல் கட்டி முடித்த பழைய ரயில் நிலையம். குவிமாடங்களும் வளைவுகளும் கொண்ட அந்தக் கட்டடத்தைப் பார்த்ததும் நமக்கு எழும்பூர் நினைவுக்கு வரும். எழும்பூர் நிலையம் 1908ல் திறந்தது. அரண்மனை மாதிரி ரயில் நிலையம் கட்டும் அந்த இந்தோ-சாரசெனிக் பாணியை ஆங்கிலேயர்கள் இந்தியாவிலிருந்து மலாயாவுக்குக் கொண்டுபோனார்கள்.

இன்னொரு ஒற்றுமை தண்டவாளத்தில். கோலாலம்பூருக்கு 1886ல் வந்த ரயில் பாதை மீட்டர் கேஜ். விழுப்புரம் ஜங்ஷனில் மீட்டர் கேஜ் வண்டி ஏறிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. இங்கே அது அகலப்பாதையாகிவிட்டது. மலேசியாவின் கேடிஎம் ரயில்கள் இன்றும் 1,000 மி.மீ. பாதையில்தான் ஓடுகின்றன. அந்தத் தண்டவாளத்தைப் போடவும், காட்டை வெட்டிச் சாலை அமைக்கவும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் போனார்கள். ரயில்வே அலுவலக வேலைகளுக்கு யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் வந்தார்கள். மேஜை வேலை ஒரு கூட்டத்துக்கு, மண்வெட்டி இன்னொரு கூட்டத்துக்கு.

நம்மவர்கள் எப்படிப் போனார்கள்?

மோட்டார் வண்டி வந்ததும் டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூரைச் சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள் எழுந்தன. முதலில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். 1910ல் அந்த முறை ஒழிந்தது. பிறகு கங்காணி முறை ஓங்கியது. தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவரே சொந்த ஊருக்கு வந்து, உறவுக்காரர்களையும் பக்கத்துத் தெருவினரையும் கூட்டிப்போவார். ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் தங்கி, கப்பலேறி, பினாங்கிலோ இன்றைய கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கினார்கள். 1926ல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயரை நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்றும் சொல்வார்கள்.

மழை பொய்த்தால் மானாவாரி நிலத்தில் ஒன்றும் விளையாத கிராமங்களிலிருந்து, நிலமில்லாதவர்களும் கடன்பட்டவர்களும்தான் பெரும்பாலும் போனார்கள். 1938ல் இந்திய அரசு இப்படி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. 1942ல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தார்கள். சயாம்–பர்மா ரயில் பாதை போட, தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். நோயிலும் பட்டினியிலும் ஏராளமானோர் மாண்டார்கள். கடிதமும் மணியார்டரும் நின்றுபோன ஆண்டுகள் அவை. 'மலாயாவுக்குப் போனவர், அப்புறம் தகவலே இல்லை' என்று நம் பக்கத்து வீடுகளில் சொல்லும் கதைகளில் சில அங்கே முடிந்திருக்கலாம்.

கோயிலும் மலையும்

பழைய நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், துன் எச்.எஸ்.லீ சாலையில் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில். 1873ல் தம்புசாமிப் பிள்ளை நிறுவியது. பத்துமலையில் முருகன் வழிபாடு தொடங்கியதும் அவர் முயற்சியால்தான். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் இந்த மாரியம்மன் கோயிலிலிருந்துதான் பத்துமலைக்குப் புறப்படும். பத்துமலையில் 272 படிகள். கீழே நிற்கும் 42.7 மீட்டர் முருகன் சிலை 2006ல் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் பசியாறிவிட்டு (காலைச் சிற்றுண்டிக்கு அவர்கள் சொல்லும் சொல் இது), கேஎல் சென்ட்ரலில் கேடிஎம் ரயில் பிடித்தால் பத்துமலை வாசலிலேயே இறங்கலாம். நம் பழைய மீட்டர் கேஜில் ஒரு பயணமும் ஆயிற்று.

தமிழுக்கும் இந்த ஊர் முக்கியமானது. முதல் உலகத் தமிழ் மாநாடு, தனிநாயகம் அடிகள் முயற்சியால் 1966 ஏப்ரலில் கூடியது இங்கேதான். சென்னை மாநாடு 1968ல்தான். மலேசியாவில் இன்றும் 500க்கும் மேற்பட்ட அரசுத் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. அவற்றில் பல, தோட்டத்துப் பள்ளிகளாகத் தொடங்கியவை.

தோட்டங்கள்தான் இப்போது இல்லை. நீங்கள் இறங்கும் விமான நிலையம் செம்பனைத் தோட்டங்கள் இருந்த நிலத்தில் 1998ல் திறந்தது. புக்கிட் ஜாலில் விளையாட்டரங்கம் இருக்கும் இடமும் ரப்பர் தோட்டமாக இருந்ததுதான். தோட்டம் போனதும் லயன் வீடுகளும் போயின. அங்கிருந்தவர்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

ஊர் பெயர் மாறிய சிக்கல்

அங்கே ஒரு கடைக்காரரிடமோ டாக்சி ஓட்டுநரிடமோ 'உங்க பூர்வீகம் எது?' என்று கேட்டால், 'தாத்தா தென்னாற்காடு' என்று சொல்லக்கூடும். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியாது. 1993ல் மாவட்டம் பிரிந்து விழுப்புரம் மாவட்டம் வந்தபின், தென்னாற்காடு வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டது. அவர்களுக்கோ 'விழுப்புரம் மாவட்டம்' புதுப் பெயர். ஒரே தாலுகாவைச் சேர்ந்த இருவர் எதிரெதிரே நின்றும் அடையாளம் தெரியாமல் பிரிந்துபோகலாம். எனவே 'நாங்கள் தென்னாற்காடு, திண்டிவனம் தாலுகா' என்று பழைய பெயரில் சொல்லிப் பழகுங்கள்.

டிக்கெட் போடும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: போனவரின் பெயரும் தகப்பனார் பெயரும், எந்தத் தோட்டம், கடைசிக் கடிதம் எந்த ஆண்டு. தோட்டங்களுக்குத் தமிழர்கள் தாங்களாக வைத்த பெயர்களும் உண்டு. பெரியவர்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பழைய மலாயாக் கடிதம், பாஸ்போர்ட், மணியார்டர் ரசீது ஏதும் உங்கள் பீரோவில் இருந்தால், படமெடுத்து நம் செய்திமடல் குழுவுக்கும் அனுப்புங்கள். ஒரே ஊர்ப் பெயர் இரண்டு வீட்டுக் கடிதங்களில் இருந்தால், தேடுவது இரு வீட்டாருக்கும் எளிதாகும்.