தாமஸ் ஈக்கின்ஸ் தீட்டிய ஆண்களின் உருவப்படங்கள்

அமெரிக்க ஓவியர் தாமஸ் ஈக்கின்ஸ் (1844–1916) மருத்துவர்கள், அறிவியலாளர்கள், இசைக்கலைஞர்கள், பாதிரியார்கள் முதலியோரைத் தைலவண்ணத்தில் தீட்டிய உருவப்படங்கள், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியக்கலையின் தலைசிறந்த சாதனைகளுள் அடங்கும். மனிதரை அவர் செய்யும் தொழிலோடு சேர்த்துக் காட்டுவதும், முதுமையையும் களைப்பையும் மறைக்காமல் வரைவதும் இவற்றின் தனிச்சிறப்பு. படத்தில் இருப்பவர் மகிழ வேண்டும் என்பதற்காக ஈக்கின்ஸ் எதையும் மாற்றியதில்லை. அந்த நேர்மையே அவருடைய கலையின் உயிர்நாடி.

பயிற்சி

பிலடெல்பியாவில் பிறந்த ஈக்கின்ஸ், அங்குள்ள பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தில் ஓவியமும் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியலும் கற்றார். 1866இல் பாரிஸ் சென்று ஓவியர் ழான் லியோன் ஜெரோமிடம் பயின்றார். பின்னர் ஸ்பெயினில் வெலாஸ்கெஸ், ரிபேரா ஆகியோரின் ஓவியங்களைக் கண்டார். இருண்ட பின்னணியிலிருந்து முகமும் கைகளும் மட்டும் ஒளி பெற்று எழும் முறை அங்கிருந்தே அவருக்கு வசப்பட்டது. 1870இல் ஊர் திரும்பி, வாழ்நாளின் எஞ்சிய பகுதியை அங்கேயே கழித்தார்.

அறுவை அரங்குகள்

ஈக்கின்ஸின் உருவப்படங்களுள் முதன்மையானது ‘கிராஸ் கிளினிக்’ (1875). ஏறத்தாழ 8 அடி உயரமுள்ள இப்படத்தில், ஜெபர்சன் கல்லூரியின் அறுவை மருத்துவர் சாமுவேல் கிராஸ் மாணவர்களுக்கு விளக்கம் சொல்லத் திரும்பி நிற்கிறார். நரைத்த தலையிலும் அகன்ற நெற்றியிலும் மேலிருந்து வெளிச்சம் விழுகிறது. கத்தி பிடித்த வலக்கையில் இரத்தம் ஒளிர்கிறது. உதவியாளர்கள் நோயாளியின் தொடையைக் கீறிப் பிடித்திருக்கிறார்கள். அருகே அமர்ந்திருக்கும் பெண் காணப் பொறுக்காமல் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். மாணவர் வரிசையின் ஓரத்தில் ஈக்கின்ஸும் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்.

1876இல் பிலடெல்பியாவில் நடந்த அமெரிக்க விடுதலை நூற்றாண்டுக் கண்காட்சியின் கலைப் பிரிவு இப்படத்தை ஏற்கவில்லை. இராணுவ மருத்துவமனை மாதிரிக் கூடத்தில்தான் இடம் கிடைத்தது. 1878இல் ஜெபர்சன் கல்லூரிக்காக இது 200 டாலருக்கு வாங்கப்பட்டது.

பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள், ஓய்வுபெறும் பேராசிரியர் ஹேய்ஸ் அக்னியூவின் படத்தை 750 டாலருக்குக் கேட்டார்கள். ஈக்கின்ஸ் அதே தொகைக்கு அறுவை அரங்கு முழுவதையும் வரைந்து ‘அக்னியூ கிளினிக்’ (1889) என்ற படத்தைக் கொடுத்தார். கிராஸும் உதவியாளர்களும் அன்றாடக் கறுப்புக் கோட்டோடு அறுவை செய்தார்கள். அக்னியூவின் குழுவினர் வெள்ளை அங்கி அணிந்திருக்கிறார்கள், செவிலியும் உடன் நிற்கிறார். 14 ஆண்டுகளில் கிருமித்தடுப்பு முறை மருத்துவத்தை எவ்வளவு மாற்றியது என்பதற்கு இவ்விரு படங்களும் சான்று.

அறிஞரும் நண்பரும்

மாணவியரும் இருந்த வகுப்பில் ஆண் மாதிரியின் இடைத்துணியை அகற்றியதால் எழுந்த எதிர்ப்பில், 1886இல் நுண்கலைக் கழகத்தில் வகித்த ஆசிரியர் பதவியை ஈக்கின்ஸ் இழந்தார். அதன் பிறகு உருவப்படங்களே அவருடைய முதன்மைப் பணியாயின. பெரும்பாலானவை யாரும் பணம் கொடுத்துக் கேட்டவை அல்ல. தாம் மதித்தவர்களை அவரே அழைத்து உட்காரவைத்தார். கவிஞர் வால்ட் விட்மனைக் கேம்டன் நகரில் அவர் வீட்டிலேயே வரைந்தார் (1887–88). தளர்ந்த உடலையும் குறையாத உற்சாகத்தையும் ஒருசேரக் காட்டிய அப்படத்தை விட்மன் உயர்வாக மதித்தார்.

இயற்பியலாளர் ஹென்றி ரோலண்டின் படத்தில் (1897), அவர் கையிலுள்ள, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் விளிம்புவிளைவுக் கீற்றணியில் நிறமாலையின் வண்ணங்கள் மின்னுகின்றன. அக்கருவியை உருவாக்கும் இயந்திரத்தைப் பின்னால் உதவியாளர் இயக்குகிறார். ரோலண்டின் ஆய்வுக்குரிய சூத்திரங்களையும் நிறமாலைக் கோடுகளையும் ஈக்கின்ஸ் படத்தின் மரச்சட்டத்தில் தம் கையாலேயே செதுக்கினார்.

‘சிந்தனையாளர்’ (1900) என்னும் படத்திலோ கருவியோ பின்னணியோ கிடையாது. ஓவியரின் மனைவி சூசனுடைய தங்கையின் கணவர் லூயிஸ் கென்டன், கறுப்பு உடையில், கைகளைப் பைக்குள் நுழைத்து, தலைகுனிந்து தனியே நிற்கிறார். முழு உருவமும் ஆளுயரம். தோள் தொய்வும் கசங்கிய உடையுமே அவர் மனத்தின் பாரத்தைச் சொல்லிவிடுகின்றன.

மத நம்பிக்கையற்றவராயினும், ஓவர்புரூக் குருமடத்தின் கத்தோலிக்கப் பாதிரியார்கள் பலரையும் 1900களில் ஈக்கின்ஸ் பெருமதிப்போடு வரைந்தார்.

மதிப்பு

தங்களை முதியவராகவும் சோர்ந்தவராகவும் காட்டிய படங்களைச் சிலர் வாங்க மறுத்தார்கள். ஈக்கின்ஸ் வாழ்ந்த காலத்தில் விற்றவை சொற்பமே. அவர் மறைந்த மறு ஆண்டில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் நினைவுக் கண்காட்சி நடத்தி, ‘சிந்தனையாளர்’ படத்தையும் வாங்கியது. 2006இல் ‘கிராஸ் கிளினிக்’ 6.8 கோடி டாலருக்கு வெளியூருக்கு விற்கப்படவிருந்தபோது, பிலடெல்பியா மக்கள் நிதி திரட்டி அதைத் தடுத்தார்கள். அந்தத் தொகையை ஈடுகட்ட, நுண்கலைக் கழகம் தன்னிடமிருந்த ஈக்கின்ஸின் ‘செல்லோ இசைஞர்’ (1896) என்ற உருவப்படத்தையே விற்க நேர்ந்தது. ஒரு காலத்தில் கலைப் பிரிவில் இடம் மறுக்கப்பட்ட ஓவியம், இன்று பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்கும் நுண்கலைக் கழகத்துக்கும் பொதுவான உடைமை.