போலந்து நாட்டுச் சகுனங்களும் ஹமாயில் ஏடுகளும்

பறவையைக் கொண்டு நன்மை தீமை அறிய முயல்வது மனித குலத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. தமிழில் ‘புள்’ என்னும் சொல் பறவைக்கும் உரியது, நிமித்தத்துக்கும் உரியது. அரபு மொழியில் ‘தைர்’ என்றால் பறவை. அதன் வழிப் பிறந்த ‘தியரா’ என்றால் சகுனம் பார்த்தல். போலந்து மொழியில் துரதிர்ஷ்டத்தைச் சுட்டும் ‘பெக்’ என்னும் சொல் ஜெர்மானியரிடமிருந்து வந்தது. அதன் நேர்ப்பொருள் கீல். வேடன் கொம்பில் பூசிய பிசினில் கால் ஒட்டிக்கொண்டு சிறகடிக்கும் பறவையே கதியற்றவனுக்கு உவமையாயிற்று என்பர் சொல்லாராய்ச்சியாளர். ஒன்றையொன்று அறியாத மூன்று மொழிகளும் இவ்விடத்தில் பறவையினிடமே போய் நிற்பது வியப்புக்குரியது.

போலந்தியருக்குப் பறவைகளுள் நாரையே மங்கலமானது. ஐரோப்பிய வெண்ணாரைகளில் ஒரு பெரும் பங்கு கோடையில் அந்நாட்டில்தான் கூடு கட்டுகிறது. கூரைமேல் நாரை கட்டிய கூடு அவ்வீட்டை இடி மின்னலிலிருந்து காக்கும் என்பது சிற்றூர் மக்களின் உறுதியான எண்ணம். வசந்தத்தில் முதன்முதலாகக் காணும் நாரை பறந்துகொண்டிருந்தால் அவ்வாண்டு காரியங்கள் கைகூடும். நின்றுகொண்டிருந்தால் காரியங்களும் நின்றுவிடும். (இதே நாரை இலையுதிர் காலத்தில் தென்திசை நோக்கிச் செல்வதைக் கண்ட துருக்கியர் அதற்கு ‘ஹாஜி’ என்று பட்டம் சூட்டியுள்ளனர்.) குயிலின் முதற் குரல் செவியில் விழும்போது சட்டைப் பையில் காசு இருக்க வேண்டும், இல்லையேல் ஆண்டு முழுவதும் வறுமைதான். சிற்றாந்தை ஒன்றுக்குப் போலந்து மொழியில் பெயரே ‘வா’ என்று பொருள்படும் ‘பூய்ட்ஷ்கா’. நோயாளி கிடக்கும் வீட்டருகே அது கூவினால், தேவாலயத்தை அடுத்த குழிக்கு வருமாறு அழைப்பதாக மக்கள் பொருள் கொண்டனர்.

எனினும் போலந்திலுள்ள நற்சகுனங்களுள் அயல்நாட்டாரைப் பெரிதும் வியக்க வைப்பது பறவையன்று, ஒரு தொழிலாளி. புகைபோக்கி துடைப்பவர் கரிய உடையும் மின்னும் பித்தான்களுமாய்த் தெருவில் வரக் கண்டால், படித்தவர் பாமரர் என்ற வேறுபாடின்றி உடனே தம் சட்டைப் பித்தானைப் பற்றிக்கொள்வர். பிடித்த பிடியில் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. கண்ணாடி அணிந்த ஒருவரையோ, வெள்ளைக் குதிரையையோ அடுத்துக் காணும்வரை பித்தானை விடலாகாது என்று கூட்டிச் சொல்வாரும் உளர். கரிபடிந்த மேனியுடன் எதிரே வருவோரைப் பல நாடுகளில் அபசகுனம் என்று ஒதுக்கும்போது, இங்கு மதிப்பு வந்தது எவ்வாறு? மரத்தால் கட்டி, கூரை வேய்ந்து, நெருக்கியடித்து நின்ற ஊர்களில் தீயைக் காட்டிலும் பெரிய பகை வேறில்லை. 1850-ஆம் ஆண்டு கோடையில் கிராக்கவ் நகரில் எழுந்த பெருந்தீ மாளிகைகளையும் பழம்பெரும் தேவாலயங்களையும் ஒருசேர விழுங்கிற்று. புகைபோக்கியில் படிந்த கரி பற்றிக்கொண்டால் ஒரு வீட்டோடு நில்லாது. ஆகவே அதைச் சுரண்டித் துப்புரவு செய்து போகிறவர் மெய்யாகவே நன்மையைக் கொண்டுவந்தவர்தாம். நன்றியாகத் தொடங்கியது நாளடைவில் காரணம் மறந்து சகுனமாய் நின்றுவிட்டது என்றே நாம் கருதுகிறோம்.

வாசற்படிக்கு இருபுறமும் நின்று கைகுலுக்கலாகாது என்னும் விலக்கு இதனினும் பழையது. முன்னோரின் ஆவி வாசற்படியில் உறைகிறது என்ற கிறித்தவத்திற்கு முற்பட்ட ஸ்லாவியரின் எண்ணத்தை இதற்கு மூலமாகக் காட்டுவர். மீஷ்கோ அரசர் 966-இல் ஞானஸ்நானம் பெற்றதோடு போலந்து கிறித்தவ நாடாயிற்று; ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் தபால்காரர் நீட்டும் காகிதத்தை வாங்குவதற்குப் படியைக் கடந்து வெளியே வருவோர் அங்கு உண்டு. மறந்த பொருளை எடுக்க வீடு திரும்பினால் சற்றே அமர்ந்து எண்களை எண்ணிவிட்டுப் புறப்படுவதும், தீய சொல் வாயில் வந்துவிட்டால் வண்ணம் பூசாத மரத்தைத் தட்டுவதும், கண்ணேறு படாதிருக்கக் குழந்தையின் வண்டியில் சிவப்பு நாடா கட்டுவதும் நாள்தோறும் நிகழ்வன.

திருமணத்திற்கு உரிய மாதம் பற்றிய விதி நகைப்பூட்டுவது. மாதத்தின் பெயரில் ‘ர்’ ஒலிக்குரிய எழுத்து இருந்தால் அது நன்மாதம், இல்லையேல் ஆகாது. போலந்து மொழியில் மார்ச், ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், டிசம்பர் ஆகிய ஆறுக்கும் அவ்வெழுத்து உண்டு. ஏனைய ஆறுக்கும், பூக்கள் பூத்துக் குலுங்கும் மே மாதம் உட்பட, அது இல்லை. நவம்பரை ஆங்கிலத்தில் எழுதினால் அவ்வெழுத்து வந்துவிடுகிறது. போலந்து மொழியில் எழுதினால் மறைந்துவிடுகிறது. மணமக்களின் நல்வாழ்வு எழுத்துக்கூட்டலைப் பொறுத்ததாகிவிட்டது!

இத்தகைய வழக்கங்கள் யாவும் தொன்மையானவை என்று எண்ணிவிடலாகாது. நவம்பர் 29-ஆம் நாள் இரவில் கன்னியர் உருகிய மெழுகைச் சாவித் துளை வழியே நீரில் ஊற்றி, உறைந்த உருவைக் கொண்டு வருங்காலக் கணவனை ஊகிக்கும் ‘அந்திரியை இரவு’ பழையதுதான். மார்சின் பியெல்ஸ்கி 1557-இல் எழுதிய நாடகத்திலேயே அதைப் பற்றிய குறிப்பு உண்டு. ஆனால் கிறிஸ்துமஸ் முன்னிரவு உணவில் பரிமாறிய கெண்டை மீனின் செதிலைப் பணப்பையில் வைத்தால் செல்வம் சேரும் என்பதைப் பாருங்கள். மீன் குளங்களை இடைக்காலத் துறவிகளே வெட்டினர். எனினும் எல்லார் வீட்டு மேசைக்கும் கெண்டை வந்து சேர்ந்தது 1945-க்குப் பின்னர், பொதுவுடைமை அரசு மீன் வளர்ப்பைப் பெருக்கிய காலத்தில்தான். பாட்டன் காலத்து வழக்கமென்று பேரன் பேசுவதில் பாதி, தந்தை காலத்தில் பிறந்ததாக இருக்கும்.

சிரித்துவிட்டுப் போகத்தக்க இவ்வழக்கங்களுக்கு நடுவே சிரிக்க இயலாத ஒன்றும் உண்டு. போலந்தில் பல வீடுகளின் நுழைவாயிலருகே, காசு எண்ணும் முதிய யூதர் ஒருவரின் படம் தொங்குகிறது. சனிக்கிழமையன்று அதைத் தலைகீழாக மாட்டினால் அவர் சேர்த்த பொருளெல்லாம் வீட்டில் கொட்டுமாம். 1939-இல் அந்நாட்டில் சுமார் 33 இலட்சம் யூதர் வாழ்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் நாஜிகளின் கொடுமைக்கு இரையாயினர். ஒரு சமுதாயம் தெருக்களிலிருந்து மறைந்து, சுவரில் அதிர்ஷ்டப் படமாக மட்டும் எஞ்சியது. சிறுபான்மையினரை மாயசக்தி படைத்தோராகக் காணும் இக்கண், நம் சகோதர முஸ்லிம்கள் மீதும் முன்னரே படிந்ததுண்டு.

போலந்தில் முஸ்லிம்களா என்று கேட்கலாம். ஐரோப்பாவில் இறுதியாகக் கிறித்தவத்தைத் தழுவிய லித்துவேனியா 1387-இல்தான் அச்சமயத்தை ஏற்றது. அதன் பின் பத்தாண்டுகளுக்குள் விட்டோல்ட் கோமகன் தாத்தாரிய முஸ்லிம் வீரர்களைத் தம் நாட்டில் குடியமர்த்தினார்; 1397-ஆம் ஆண்டையே மரபாகக் குறிப்பர். 1410-இல் கிரன்வால்ட் போர்க்களத்தில் ஜெர்மானியச் சிலுவை வீரரை எதிர்த்துப் போலந்து, லித்துவேனியப் படைகளோடு தாத்தாரியக் குதிரைப்படையும் நின்றது. 1679-இல் மூன்றாம் யான் சோபியெஸ்கி மன்னர் சேவைக்கு ஈடாக குருஷினியானி, போஹொனிகி முதலிய ஊர்களில் அவர்களுக்கு நிலம் வழங்கினார். குருஷினியானியில் உள்ளூர்த் தச்சர் மரத்தால் எழுப்பிய பச்சை நிறப் பள்ளிவாசல் இன்றும் உள்ளது. தொலைவிலிருந்து நோக்கினால் இரட்டைக் கோபுரத் தேவாலயம் என்றே தோன்றும்.

அரசரின் ஆதரவு இருந்தும் அண்டை மக்களின் அச்சம் நீங்கவில்லை. 1609-இல் திரோக்கி நகரின் பள்ளிவாசலை ஒரு கும்பல் இடித்துத் தள்ளிற்று. 1617-ஆம் ஆண்டளவில் வில்னோவில் சிஷெவ்ஸ்கி என்ற பெயரில் வெளிவந்த வசைநூல், திருமறையின் திருநாமங்களுள் ஒன்றாகிய ‘அல்ஃபுர்கான்’ என்பதையே ஏளனமாகத் தலைப்பில் தாங்கி வந்தது. தாத்தாரியர் சூனியக்காரர் என்பது அதன் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. சூனியக் குற்றம் சாட்டி மக்களைத் தீயிலிட்ட காலம் அது. போலந்து நாடாளுமன்றம் அக்குற்றத்திற்கு மரண தண்டனை கூடாதென்று சட்டம் செய்தது 1776-இல்தான். எனவே அவ்வசைச் சொல் வெறும் சொல்லன்று, உயிரோடு விளையாடுவது.

இனி, அவ்வசைக்கு இடம் தந்தது எது என்பதையும் ஒளிக்காமல் காண வேண்டும். தாத்தாரியர் ஒவ்வொரு வீட்டிலும் ‘ஹமாயில்’ என்னும் சிறிய கையெழுத்து ஏடு வைத்திருந்தனர். பதினாறாம் நூற்றாண்டுக்குப் பின் அவர்கள் தம் துருக்கிய மொழியை மறந்துவிட்டனர். பேசியது போலந்து மொழியும் பெலாரூசிய மொழியும். ஆனால் எழுதியது அரபு எழுத்தில். அரபில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டிப் புது எழுத்துகள் சமைத்துக்கொண்டனர். அரபுத் தமிழில் நம் முன்னோர் செய்ததும் இதுவே அன்றோ! இவ்வெழுத்தில் திருக்குர்ஆன் முழுவதையும் வரிகளுக்கிடையே போலந்து மொழியில் பெயர்த்த ‘தஃப்சீர்’ ஏடுகளும் அவர்களிடம் உண்டு. அச்சில் முழுமையான போலந்துக் குர்ஆன் வார்சாவில் 1858-இல்தான் வெளிவந்தது. ஏட்டில் அது அதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முன்பே வந்துவிட்டது.

ஹமாயிலைத் திறந்தால் தொழுகை முறை, துஆக்கள், நோன்பின் சிறப்பு எனத் தொடங்கும். சில தாள் கடந்தால் நல்ல நாள், கெட்ட நாள் அட்டவணை. பின்பு கனவுப் பலன். பின்பு நோய்க்கு எழுதிக் கொடுக்கும் வாசகங்கள். ‘நுஸ்கா’ என்பது வாசகம் எழுதிய தாள். அதை நீரில் கரைத்துப் பருகுவர், அல்லது புகையிடுவர். ‘ஹ்ரமோத்கா’ என்பது துணியிலோ தோலிலோ தைத்துப் போர்வீரர் அணிந்த தாயத்து. ஏட்டைக் கொண்டு பலன் உரைப்பவருக்கு ‘ஃபால்ஜெய்’ என்று பெயர். பீங்கானில் எழுதிக் கரைத்துக் குடித்ததையும், பால் கிதாபு பார்த்ததையும், ஒடுக்கத்துப் புதனன்று இலையில் எழுதி நீராடியதையும் கேட்டறிந்த நம் இல்லங்களுக்கு இவை புதுமையல்ல.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சகுனம் பார்த்தலையும், ஸபர் மாதத்தில் பீடை உண்டென்ற எண்ணத்தையும் ஐயத்துக்கு இடமின்றி மறுத்துள்ளார்கள். செவியில் விழும் நல்ல சொல்லால் உள்ளம் மகிழ்வதை மட்டுமே விரும்பினார்கள். அந்நற்சொல்லுக்கு அரபில் ‘ஃபஃல்’ என்று பெயர். பாரசீகமும் துருக்கியும் கடந்து லித்துவேனியக் காடுகளை அடைவதற்குள், அதே சொல் குறிசொல்லும் தொழிலின் பெயராக மாறிவிட்டது. நபிமொழி ஒதுக்கியதை நபிமொழியின் சொல்லாலேயே மீண்டும் உள்ளே கொண்டுவந்துவிட்டனர். மார்க்க அடிப்படையில் ஹமாயிலின் அப்பக்கங்களுக்கு நியாயம் கூற இயலாது. ஆயினும் மதரசாவோ ஆலிமோ அரிதாயிருந்த நாட்டில், கலிமாவையும் தொழுகையையும் பேரர்களிடம் ஒப்படைத்ததும் அதே ஏடுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஹமாயிலை நாடிய தாய், அது பெட்டியில் பூச்சி அரித்துப் போகாமல் காத்தாள். காத்ததனால் அதிலிருந்த துஆக்களும் பிழைத்தன. இந்த உண்மையை மறைத்துவிட்டு அவர்களைக் குறை கூறுவது நேர்மையாகாது.

வேடிக்கை என்னவெனில், சூனியக்காரர் என்று தூற்றிய அதே கிறித்தவ அண்டையரே நோயும் கண்ணேறும் வந்தபோது தாத்தாரியரின் வாசலுக்கு வந்து தாள் எழுதி வாங்கிப் போயினர். இன்று பெலாரூசில் உள்ள லோவ்சித்சே என்னும் ஊரில் ஒரு வலியின் அடக்கத்தலம் உண்டு. இடையராய் ஊழியம் செய்த அவர் இமைப்பொழுதில் மக்கா சென்று மீள்வார் என்பது கர்ண பரம்பரைக் கதை. நோயாளிகள் அங்கு நேர்ச்சையோடு சென்று வந்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் நிலை மாறிற்று. 1925-இல் போலந்து முஸ்லிம் மார்க்கச் சங்கம் அமைந்தது. பெர்லினில் கீழைக்கலை பயின்று முனைவர் பட்டம் பெற்ற யாகூப் ஷின்கேவிச் முதல் முஃப்தியானார். படித்த தலைமுறைக்கு ஃபால்ஜெய் வெட்கத்துக்குரியவராகத் தோன்றத் தொடங்கினார். 1938-இல் ஸ்தனிஸ்லாவ் கிரிசின்ஸ்கி லித்துவேனியத் தாத்தாரியர் பற்றித் தாம் எழுதிய பெருநூலில் இவ்வழக்கங்களையும் பதிவு செய்தார். அடுத்த ஆண்டே போர் மூண்டது. 1945-இல் எல்லைகள் நகர்ந்தபோது தாத்தாரிய ஊர்களில் பெரும்பாலானவை சோவியத் நாட்டுக்குள் போயின. பழைய பள்ளிவாசல்களுள் குருஷினியானியும் போஹொனிகியும் மட்டுமே போலந்தில் எஞ்சின. குடும்பங்கள் பியாலிஸ்டோக்குக்கும் கிதான்ஸ்க்குக்கும் பெயர்ந்தன. கிதான்ஸ்க்கில் 1990-இல் புதிய பள்ளிவாசல் திறக்கப்பட்டது.

இன்று தோருன் பல்கலைக்கழக அறிஞர்கள் தஃப்சீர்களையும் ஹமாயில்களையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பதிப்பிக்கின்றனர். அவ்வேடுகளோடு சேர்ந்த ‘தலவார்’ என்னும் நீண்ட தாள்சுருள்கள் மட்டும் அவர்கள் கைக்கு அரிதாகவே கிட்டுகின்றன. துஆக்கள் எழுதிய அச்சுருளை மரித்தவரின் நெஞ்சின்மேல் வைத்து அடக்குவது வழக்கமாயிருந்தது. எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை அடக்கத்தலங்களின் மண்ணுக்குள்ளேயே கிடக்கின்றன.