பரங்கி என்னும் பெயரும் ஈழத்தீவில் கோவாக் குருமார் ஆற்றிய தொண்டும்

வெள்ளாறு கடலொடு கலக்கும் முகத்துவாரத்தின் வடகரையில், சிதம்பரத்துக்கு அணித்தே அமைந்த துறைமுகவூர் பரங்கிப்பேட்டை. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈண்டுக் குடியேறிய போர்த்துக்கீசியர் இதனைப் போர்ட்டோ நோவோ, அஃதாவது ‘புதிய துறைமுகம்’ என அழைத்தனர். இசுலாமியர் மஹ்மூது பந்தர் என்றனர். ஊர்ப்புறத்தார் வழங்கிய பெயரோ பரங்கிப்பேட்டை. மூன்றனுள் இப்பெயரே இன்றும் பெருவழக்காய் நிலைத்து நிற்கின்றது. 1781ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் ஐதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் நிகழ்ந்த போரினால் வரலாற்று மாணவர் இவ்வூரை அறிவர். தமிழ் மாணவர் அறிய வேண்டுவது இவ்வூர்ப் பெயரின் முற்பகுதியாகிய ‘பரங்கி’ என்னும் சொல்லின் வரலாறாகும்.

‘பிராங்கு’ என்னும் ஐரோப்பிய இனப்பெயர் அரபு, பாரசீக மொழிகளின் வழியே திரிந்து, தமிழில் பரங்கி என்றாயிற்று. பறங்கி என வல்லின றகரமிட்டு எழுதுவாரும் உளர். சென்னையை அடுத்த பரங்கிமலை, புதிய உலகிலிருந்து வந்த பரங்கிக்காய் ஆகியவற்றில் இச்சொல் வெறும் அடையாளமாக நிற்கின்றது. மேகநோயைக் குறிக்கும் பரங்கிப்புண் என்னும் தொடரிலோ வெறுப்பும் உடன் கலந்துள்ளது. கப்பலில் வந்தவர், படைக்கலம் உடையவர், ஊணிலும் ஒழுக்கத்திலும் நம்மவரின் வேறுபட்டவர் என்னும் பொருளெல்லாம் இச்சொல்லில் அடங்கின. கத்தோலிக்க சமயம் அவரோடு வந்தமையின் அதுவும் பரங்கி மார்க்கம் எனப்பட்டது.

இப்பெயரின் சுமையை நன்குணர்ந்தவர் 1606இல் மதுரை வந்த இராபர்ட்டு தெ நொபிலி ஆவார். அவர் தம்மைப் பரங்கி அல்லர் என்றே கூறிக்கொண்டு, காவியுடுத்துத் தமிழும் வடமொழியும் பயின்றமை யாவரும் அறிந்ததே. ஆயின் அவர் பிறப்பால் இத்தாலியர்; எத்துணை முயலினும் நிறம் அவரைக் காட்டிக்கொடுத்தது. பரங்கி என்னும் பெயர் ஒட்டாதவாறு ஒரு கத்தோலிக்கத் தொண்டு இயலுமா என்னும் வினாவுக்கு முழு விடை மதுரையில் கிடைத்திலது. எண்பது ஆண்டுகள் கழித்து, கடல் கடந்த ஈழத்தீவில் அது கிடைத்தது. அவ்விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈழத்தின் வடபகுதியிற் கத்தோலிக்க சமயம் புகுந்த முறையை முதற்கண் நோக்குவோம். முத்துக்குளித்துறையில் 1542 முதல் பணியாற்றிய பிரான்சிசு சவேரியார், மன்னார் மக்கள் வேண்டியதற்கிணங்க 1544இல் குரு ஒருவரை ஆங்கு அனுப்பினார். திருமுழுக்குப் பெற்றோர் பலரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான். இதனைச் சமயப்பகை எனக் கூறி அமைவாரும் உளர். சமயம் மாறியவர் போர்த்துக்கல் அரசனின் குடிகளாகிவிடுவர் என்னும் அச்சமும் இதன்கண் இருந்தது என்பது எம் கருத்து. பின் நிகழ்ந்தவை அவ்வச்சம் வீணன்று எனக் காட்டின. 1560இல் மன்னாரில் போர்த்துக்கீசியர் கோட்டை எழுந்தது. 1619இல் யாழ்ப்பாண அரசே வீழ்ந்தது. 1621ஆம் ஆண்டளவில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் இடிக்கப்பட்டது. சமயமும் வாளும் ஒரே கலத்தில் வந்தன என்பதை மறைத்து எழுதுதல் வரலாறு ஆகாது.

வாளால் வந்த காப்பு வாளாலேயே நீங்கிற்று. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும், 1658இல் மன்னார், யாழ்ப்பாணம் ஆகியவற்றையும் கைப்பற்றினர். தமிழகக் கரையில் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் அவர் வயமானது அதே 1658ஆம் ஆண்டிலேயாம். சீர்திருத்தச் சமயத்தவராகிய அவர்கள் கத்தோலிக்கக் குருமாரை நாடுகடத்தினர். அவர்க்கு அடைக்கலம் தருவோர்க்குக் கொடுந்தண்டம் விதித்தனர். கோயில்களையும் பள்ளிகளையும் தம் வழிபாட்டுக்கு ஆக்கிக்கொண்டனர். யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த ஒல்லாந்தப் போதகர் பிலிப்பு பால்தேயு 1672இல் வெளியிட்ட நூலில் அக்கோயில்களின் படங்களையும் விளக்கங்களையும் காணலாம்.

இனி, குருமார் இலராய் எஞ்சிய மக்கள் யாது செய்தனர்? சமயம் பரங்கியர்க்கே உரியதாயின் பரங்கியரோடு அதுவும் நீங்கியிருத்தல் வேண்டும். அது நீங்கவில்லை. வெளியே ஒல்லாந்தர் பள்ளிக்குச் சென்றும், வீட்டினுள் பழைய செபங்களைச் சொல்லியும் பலர் வாழ்ந்தனர். மாந்தையிலிருந்து இருபது குடும்பத்தார் 1670ஆம் ஆண்டளவில் மாதா திருவுருவை எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டினுள் புகுந்தனர் என்பதும், அவர் தங்கிய இடமே இன்றைய மடு என்பதும் மரபுச் செய்தி. ஏறத்தாழ முப்பது ஆண்டுக்காலம் ஓர் இனம் தன் நம்பிக்கையைத் தானே காத்துநின்றது. பின்வந்த தொண்டரின் புகழைப் பேசுவோர் இம்மக்களின் உறுதியை முன்வைத்தே பேசுதல் முறையாகும்.

இம்மக்களைத் தேடி வந்தவர் யோசேப் வாஸ் அடிகள். கோவாவில் பெனோலிம் என்னும் ஊரில் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், கொங்கணி பேசும் கத்தோலிக்கப் பிராமணக் குடியிற் பிறந்தார். 1676இல் குருப்பட்டம் பெற்று, 1681 முதல் 1684 வரை கன்னட நாட்டுக் கடற்கரையில் பணிசெய்தார். 1685இல் கோவாவில் நாட்டுக் குருமார் சிலர் கூடி வாழ்ந்த குழுவிற் சேர்ந்தார். அதுவே பின்னர் ஒராத்தோரியச் சபையாக உருப்பெற்றது. ஈழத்துக் கத்தோலிக்கர் குருவின்றி வருந்துவதைக் கேட்டிருந்த அவர், 1686இல் தம் தலைமைப் பொறுப்பை விடுத்து ஆங்குப் புறப்பட்டார். அரசன் அனுப்பிய பணி அன்று அது. காக்கக் கோட்டை இல்லை. சென்றிறங்க உரிமையும் இல்லை. தாமே விரும்பி ஏற்ற தொண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

கோவாவிலிருந்து தூத்துக்குடி வரை நடந்தும், ஆங்கிருந்து தோணியிற் கடல் கடந்தும், கூலியாள் போன்ற எளிய உடையில் 1687இல் அவர் யாழ்ப்பாணம் அடைந்தார். யோவான் என்னும் இளைஞர் ஒருவரே உடன்சென்றார். வழியிற் பட்ட பசியாலும் வயிற்றுக்கடுப்பாலும் இருவரும் சாகும் நிலையிற் கிடந்தபோது, அவ்வூர்ப் பெண்ணொருத்தி கஞ்சி கொணர்ந்து ஊட்டிக் காத்தாள் என அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். கொடுக்கச் சென்றவர் முதலிற் பெற்றார். பெற்றதும் அத்தீவின் ஏழை ஒருத்தியின் கையாலேயாம். கழுத்தில் செபமாலை அணிந்து வீடுதோறும் இரந்து சென்று, அதனைக் கண்டோர் முகக்குறிப்பால் கத்தோலிக்கர் யாவர் என அவர் அறிந்தார். பின்னர்ச் சில்லாலையைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, இரவிற் பூசை செய்து, பகலில் மறைந்து வாழ்ந்தார்.

ஈண்டு ஒன்று சிந்திக்கத்தக்கது. வெள்ளையர் ஒருவர் அவ்வாறு இரந்து செல்லல் ஒரு நாளும் இயலாது. ஒல்லாந்தர் தேடியது பரங்கிக் குருவை. வந்தவரோ நிறத்தாலும் நடையாலும் அந்நாட்டு இரவலரின் வேறாகத் தோன்றாதவர். நொபிலி முயன்றும் முற்றும் பெறாத ஒன்று வாசுக்குப் பிறப்பிலேயே வாய்த்திருந்தது. தமிழ் மட்டுமே அவர் முயன்று பெற வேண்டியிருந்தது. அதனையும் மக்களிடையே வாழ்ந்து கற்றார்.

1689ஆம் ஆண்டுக் கிறித்து பிறப்பு நாளிரவில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் பலர் சிறைப்பிடிக்கப்பட்டனர். அடிகள் ஒல்லாந்தர் ஆட்சிக்குப் புறத்தே கண்டி அரசுக்கு உட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். 1692இல் கண்டி நகர் புகுந்தபோது, போர்த்துக்கீசிய ஒற்றர் என ஐயுற்று அவரைச் சிறையிட்டனர். பரங்கி என்னும் பெயர் அவரையும் ஒருமுறை தொட்டது என்க. நாளடைவில் அவர் நடையைக் கண்ட இரண்டாம் விமலதருமசூரியன் அவர்க்கு விடுதலை நல்கினான். 1697இல் கண்டியிற் பெரியம்மை பரவியபோது அரசனும் பெருங்குடியினரும் நகரை நீங்கினர், நோயாளிகள் கைவிடப்பட்டனர். அடிகளும் உடன்பணியாளராகிய யோசே கார்வால்யோ என்பவரும் சமய வேறுபாடு நோக்காது நோயாளிகளைப் பேணி, இறந்தோரை அடக்கம் செய்தனர். பௌத்த அரசன் ஒருவன் கத்தோலிக்கத் தொண்டர்க்கு நிழலாக நின்ற வியப்பு இதனால் விளைந்தது. அடிகள் 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியில் மறைந்தார். 1995இல் அருளாளர் என்றும், 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்பில் புனிதர் என்றும் திருத்தந்தையரால் அறிவிக்கப்பெற்றார்.

இத்தொண்டிற் குறையே இல்லை என யாம் கூறவரவில்லை. கோவா ஒராத்தோரியச் சபை பிராமணக் குடியினரையே குருவாக ஏற்றது. பரங்கி, நாட்டார் என்னும் வேறுபாட்டை வென்றவர்கள் குடிவேறுபாட்டை வென்றாரல்லர். கடல்வழியிலும் நோயிலும் சிறையிலும் உடனிருந்த யோவான் நெடுங்காலம் பணியாளராகவே எண்ணப்பட்டார். புனிதரைப் போற்றுவோர் இவரையும் நினைத்தல் நன்று.

வாசு அடிகளைத் தொடர்ந்து வந்தோருள் தமிழாய்வார்க்கு இன்றியமையாதவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் ஆவார். கோவாவை அடுத்த திவார்த் தீவில் 1676இல் பிறந்து, 1705இல் ஈழம் புகுந்தார். முதலிற் தமிழும் பின்னர்ச் சிங்களமும் கற்று, இரு மொழியிலும் நூல்கள் எழுதினார்; அகராதிகளும் தொகுத்தார். வியாகுலப் பிரசங்கம், தேவ அருள்வேத புராணம் என்பன அவர்தம் தமிழ் நூல்களுட் சில. 1742ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள் போலவத்தையில் மறைந்தார்.

இந்நூல்கள் எழுந்த சூழலை உணர்ந்தாலன்றி அவற்றின் தன்மை விளங்காது. தீவு முழுவதற்கும் குருமார் மிகச் சிலரே. ஓர் ஊர்க்கு அவர் வருவது அரிது. வாராத நாள்களில் மூப்பரும் அண்ணாவியாரும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வித்தனர். நூலை வாய்விட்டு வாசித்தனர். ஆகலின் கொன்சால்வெஸ் உரைநடை கண்ணுக்கு எழுதியதன்று; செவிக்கு எழுதியது. கிறித்துவின் பாடுகளைப் பொருளாகக் கொண்ட வியாகுலப் பிரசங்கம் ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரின் தவக்கால வாசிப்பில் இடம்பெற்றது இக்காரணத்தாலேயாம். ஒல்லாந்தர் கொழும்பில் அச்சுக்கூடம் நிறுவி 1737இல் முதற் சிங்கள நூலை வெளியிட்டனர். அச்சு வலியுடையோர் கையில் இருந்தது. கொன்சால்வெஸ் நூல்களோ எழுத்தர் படியெடுத்த சுவடிகளாகவே ஊர்கள்தோறும் சென்றன.

தமிழ் உரைநடை வரலாற்றில் இக்காலப்பகுதியை எண்ணுக. சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706இல். வீரமாமுனிவர் தமிழகத்தில் தொண்டு தொடங்கியதும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயாம். கொன்சால்வெஸ் இவ்விருவர்க்கும் சமகாலத்தவர். சீகன்பால்குவினும் ஓராண்டு முற்பட வந்தவர். முன்னிருவர்க்கும் நம் பாடத்திட்டங்களில் உரிய இடம் உண்டு. மூன்றாமவர் பெயரை ஈழத்தார் நன்கறிவர். தமிழகத்தில் முதுகலை மாணவருள்ளும் அறிந்தார் சிலரே. தமிழகக் கரைக்கு நேரெதிரே எழுந்த தமிழ் உரைநடையை அயல்நாட்டது எனத் தள்ளுதல் இலக்கிய வரலாற்றுக்கு இழுக்காகும். கொன்சால்வெஸ் நூல்களை வீரமாமுனிவர், சீகன்பால்கு ஆகியோர் உரைநடையோடு ஒப்பிட்டு, சொல்லாட்சி, தொடரமைப்பு, ஈழத்துப் பேச்சுவழக்கின் சாயல் என்பவற்றை ஆராய்வது இளைய ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணி.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது ஒன்று. பரங்கி என்னும் பெயர் கோட்டையோடும் கப்பலோடும் சமயத்தைப் பிணைத்தது. கோட்டை வீழ்ந்த பின்னரும் நம்பிக்கையைக் காத்தவர் அத்தீவின் மக்கள். படைவலியின்றி அவரை நாடி வந்து, அவர் இட்ட கஞ்சியை உண்டு, அவர் மொழியைக் கற்று, அவர்க்கு நூல் எழுதியவர் கோவாக் குருமார். வாளோடு வந்தது கோட்டை வீழ்ந்த அன்றே காவல் இழந்தது. மொழியோடு வந்ததோ ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிவுற்ற பின்னும் நிலைத்தது.

வெள்ளாற்றங்கரையில் நம் மாணவரோடு நிற்குந்தோறும் அவ்வூர்ப் பெயரின் பொருளை எடுத்துக் கூறுவது எம் வழக்கம். இனி, அப்பெயர் ஒட்டாத தொண்டரின் கதையையும் உடன்கூறுதல் வேண்டும் எனக் கருதுகின்றோம்.