செரோடோனினும் நெருக்கடிச் சுரப்புகளும்

காயமோ, கடுங்குளிரோ, விஷமோ, எது வந்து தாக்கினாலும் பிராணியின் சரீரம் ஒரே விதமாகத்தான் அதை எதிர்கொள்கிறது என்ற பேருண்மையை, மான்ட்ரீல் நகரின் மக்கில் சர்வகலாசாலையில் எலிகளைக் கொண்டு பரிசோதனை நடத்திவந்த ஹான்ஸ் செல்யே 1936-ஆம் ஆண்டில் வெளியிட்டார். புதிய ஹார்மோன் ஒன்றைக் காணும் ஆவலில் அவர் பலவகைத் திசுக்களின் சாற்றைச் செலுத்தியபோதும், வெறும் பார்மலினையே செலுத்தியபோதும், எலிகளின் அட்ரீனல் சுரப்பிகள் பருத்தும், தைமஸ் சுருங்கியும், இரைப்பை புண்பட்டும் காணப்பட்டன. அட்ரீனலை ஏவுவது பிட்யூட்டரி என்பதும், அதை ஏவுவது மூளையின் அடிப்பாகத்திலுள்ள ஹைப்போதலாமஸ் என்பதும் 1950-களுக்குள் தெளிவாயின. ஹைப்போதலாமஸைத் தூண்டுவது எது என்ற கேள்விக்கு விடை தேட வேண்டுமானால், மனக்கிலேசத்தைப் பற்றி நினைத்தே பாராத வேறு சில ஆராய்ச்சிக்கூடங்களின் சரித்திரத்துக்குள் நாம் புக வேண்டும்.

இத்தாலியில் விட்டோரியோ எர்ஸ்பாமர் 1930-களில் முயலின் இரைப்பைச் சவ்விலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, அதற்கு என்டரமின் என்று பெயரிட்டார். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் ரத்த அழுத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்த இர்வின் பேஜுக்கோ, உறைந்த ரத்தத்தில் தோன்றி நாளங்களைச் சுருங்கச் செய்த ஒரு பொருள் பெருந்தொல்லையாக இருந்தது. அந்த இடையூற்றை நீக்குவதற்காகவே மாரிஸ் ராப்போர்ட்டும் ஆர்டா கிரீனும் அவருடன் சேர்ந்து மாட்டு ரத்தத்திலிருந்து அதை 1948-ல் பிரித்தெடுத்தனர். இதுவே செரோடோனின். இரண்டும் ஒரே பொருள்தான் என்பது 1952-ல் உறுதியாயிற்று. ஆனால் குடலுக்கும் ரத்தத்துக்கும் உரியதாகவே அது அன்று எண்ணப்பட்டது.

மூளையில் அதைத் தேடியவர் பெட்டி ட்வாராக். ஹார்வர்டில் மாணவியாக இருந்த காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட விஷயம், கடற்பாறையில் இழைகளால் தன்னைக் கட்டிக்கொண்டு அலையடிக்கு அசையாமல் நிற்கும் மட்டியின் தசை. அசிட்டைல்கோலின் பட்டதும் இறுகி, நெடுநேரம் இறுகியபடியே நிற்கும் அத்தசை, செரோடோனின் துளி பட்டமாத்திரத்தில் தளர்ந்துவிடுவதை அவர் கண்டார். மட்டியின் நரம்புக்குப் பயன்படும் பொருள் முதுகெலும்புள்ள பிராணிகளின் மூளையிலும் ஏன் இருக்கக்கூடாது என்று துணிந்து வினவி, கிளீவ்லாந்துக்குச் சென்று, பாலூட்டிகளின் மூளையில் அது உள்ளதென்று 1953-ல் பேஜுடன் சேர்ந்து வெளியிட்டார். மட்டியைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரையோ 1954-ல்தான் அச்சேறியது. அதே ஆண்டில் காடம் முதலியோர் நாயின் மூளையைப் பகுதி பகுதியாகச் சோதித்தபோது, ஹைப்போதலாமஸில் அப்பொருள் மிகுந்திருக்கக் கண்டனர். செல்யேயின் எலிகளோடு இப்பொருளை இணைக்கும் முதற் குறிப்பாக நான் இதையே கொள்வேன்.

நமது சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952-ல் பிரிக்கப்பட்ட ரெசர்பின், மூளையின் செரோடோனினை வற்றச் செய்கிறது என்று 1955-ல் தெரியவந்ததும் ஆராய்ச்சி வேகம் பெற்றது. பார்மால்டிஹைடு ஆவி காட்டிய மூளைத் துண்டுகளில் செரோடோனின் செல்கள் மஞ்சளாய் ஒளிரும் முறையைக் கொண்டு, அவை மூளைத்தண்டின் நடுக்கோட்டிலுள்ள ரஃபே கருக்களில் திரண்டிருப்பதை டால்ஸ்ட்ரோமும் புக்ஸேயும் 1964-ல் ஸ்வீடனில் காட்டினர். அங்கிருந்து புறப்படும் நரம்பிழைகள் ஹைப்போதலாமஸில், பிட்யூட்டரியை ஏவும் சி.ஆர்.எச். ஹார்மோனைச் சுரக்கும் செல்களின் மீதே வந்து தொடுகின்றன என்பது 1987-ல் எலக்ட்ரான் நுண்பெருக்கியில் நேராகத் தெரிந்தது. செரோடோனின் அங்கே சுரந்தால் சி.ஆர்.எச். வெளிப்படுகிறது, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அட்ரீனலின் புறணி, மனிதனாயின் கார்ட்டிசாலையும், எலியாயின் கார்ட்டிகோஸ்டிரோனையும் சுரக்கிறது. இந்தச் சுரப்பு மூளைக்குத் திரும்பிச் சென்று ஹைப்போதலாமஸை அடக்குவதோடு நில்லாமல், செரோடோனின் உற்பத்தியையும் பாதிக்கிறது. அட்ரீனல் நீக்கப்பட்ட எலிகளின் மூளையில் செரோடோனினை ஆக்கும் நொதியின் ஆற்றல் குறைவதை அஸ்மிட்டியாவும் மக்கீவனும் 1969-லேயே கண்டிருந்தனர்.

ஆகவே, இப்பொருளை மனத்துக்கு அமைதி தருவதென்று மட்டும் கருதுவோர் பாதியையே அறிந்தவராவர். மூளையில் செரோடோனினைப் பெருக்கும் புளுவாக்ஸிடின் என்ற மருந்தை ஒரே வேளை கொடுத்தாலும் எலியின் ரத்தத்தில் கார்ட்டிகோஸ்டிரோன் உயர்வதே இதற்குச் சான்று. இத்தனையும் தெரியவந்தது, மூளையில் அதைத் தேடலாம் என்று ஒரு பெண் துணிந்த பிறகுதான். பேஜ், எர்ஸ்பாமர் ஆகிய பெயர்களைச் சொல்லும் ஆசிரியர்கள் பெட்டி ட்வாராக்கின் பெயரையும் அவற்றுக்குச் சமமாக மாணவர்களுக்குச் சொல்ல வேண்டுகிறேன்.