சோழிக் கணக்கும் இரண்டு எண்களும்

புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாட வாக்கியங்களைக் கொண்டே 1825 மே 31 இரவுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஜான் வாரன் தன் 'காலசங்கலித' நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். 1952-ல் ஓட்டோ நொய்கெபவர் அந்தக் கணக்கை மதிப்பிட்டார்: தொடக்கத்தில் 4 நிமிடப் பிழை, நடுவில் 23, முடிவில் 52.

ஏடு பார்க்காமல் இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம்தான். ஆனா எவ்வளவு தவறலாம் என்பதை விடையாக வந்த எண் சொல்லாது. ஆர்க்கிமிடீஸ் அப்பவே பை மதிப்பை 223/71-க்கும் 22/7-க்கும் நடுவில் பூட்டி வைத்தார். 1962-ல் ரேமன் மூர், ஸ்டான்போர்ட் ஆய்வேட்டில் அதைக் கணினிக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு எண்ணும் ஒரு ஜோடி. கீழ் எல்லையைக் கீழேயும் மேல் எல்லையை மேலேயும் முழுமைப்படுத்தினால், உண்மை விடை உள்ளேயே இருக்கும்.

1991 பிப்ரவரி 25, தஹ்ரான். 0.1 வினாடியை 24 பிட்டில் வெட்டிய பேட்ரியட் ஏவுகணைக் கணினி, 100 மணி நேரத்தில் 0.34 வினாடி பிசகியது. 28 வீரர்கள் இறந்தார்கள். ஜோடியாகக் கணித்திருந்தால், இடைவெளி மணிக்கு மணி அகலமாவது தெரிந்திருக்கும்.

இங்கே நம்ம கோயில்களில் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2025 மார்ச், வாக்கியப்படி 2026 மார்ச். எது சரி என்று சண்டை போடுகிறோம். எவ்வளவு தவறலாம் என்று யாரும் கேட்பதில்லை.