கொடையும் கொள்முதலும்: உலக உணவுத் திட்டத்துடன் இந்தியாவின் கூட்டாண்மை

2022 பிப்ரவரி 22 அன்று அமிர்தசரஸை அடுத்த அட்டாரி எல்லைச்சாவடியிலிருந்து 50 ஆப்கானிய லாரிகள் 2,500 டன் கோதுமையுடன் புறப்பட்டன. பாகிஸ்தானைக் குறுக்கே கடந்து, தோர்க்கம் எல்லைச்சாவடி வழியாக ஜலாலாபாத் சேர்ந்து, அங்கே ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்திடம் சரக்கை ஒப்படைப்பது ஏற்பாடு. இந்திய மக்கள் ஆப்கானிய மக்களுக்கு அளிக்கும் அன்பளிப்பு என்று ஆங்கிலம், பஷ்தோ, தரி ஆகிய மூன்று மொழிகளிலும் சாக்குகளில் அச்சிட்டிருந்தார்கள். இந்தியா தருவதாகச் சொன்ன 50,000 டன்னில் இது முதல் தவணை. விநியோகப் பொறுப்பை உலக உணவுத் திட்டம் ஏற்பதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் அதற்குப் பத்து நாள் முன்புதான் ரோம் நகரில் கையெழுத்தாகியிருந்தது.

ஆனால் இந்தியா இந்தக் கோதுமையைத் தர முன்வந்தது 2021 அக்டோபரில். பாகிஸ்தான் கொள்கையளவில் இசைந்தது நவம்பர் இறுதியில். பிறகு லாரிகள் யாருடையவை, எந்தக் கொடியோடு போவது என்ற பேச்சில் மாதங்கள் கழிந்தன. அந்த நவம்பர் முதல் மார்ச் வரை 2 கோடியே 28 லட்சம் ஆப்கானியர் கடும் உணவுப் பற்றாக்குறையில் இருப்பார்கள் என்று ஐ.நா. அமைப்புகள் முன்கூட்டியே கணித்திருந்தன. அந்நாட்டின் மலை மாவட்டங்களில் பனி விழுந்து பாதை அடைபடுவதற்குள் தானியம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். முதல் தவணை போனபோது குளிர்காலமே முடியும் தறுவாயில் இருந்தது. இந்தியாவின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. கொடுக்கும் முறையில்தான் குறை இருந்தது. ஒரு நெருக்கடி வந்த பிறகு, அதற்கென்று தனியாக முடிவெடுத்து, தனியாக ஒப்பந்தம் போட்டு, வழியையும் புதிதாகத் தேடும் முறை அது.

ஒரு கொடையாளி நாட்டின் பங்களிப்பை அது அறிவிக்கும் டன் கணக்கை வைத்து அளவிடும் வழக்கம் நம் ஆய்வுகளிலும் அரசு அறிக்கைகளிலும் வேரூன்றிவிட்டது. இந்தியாவைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். உலகின் மிகப் பெரிய பொதுத் தானியக் கையிருப்புகளில் ஒன்றை வைத்திருக்கும் நாடு, உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைக் கையில் வைத்திருக்கும் நாடு, உலக உணவுத் திட்டத்துக்குச் செய்யக்கூடிய பேருதவி அவ்வப்போது அனுப்பும் அன்பளிப்பு அல்ல. எந்த ஆண்டிலும், விளைச்சல் குறைந்த ஆண்டிலும்கூட, குறிப்பிட்ட அளவு தானியத்தைத் தடையின்றிப் பெறலாம் என்ற உறுதிதான்.

அளவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2021 ஜூலை 1 அன்று மத்தியத் தொகுப்பில் கோதுமை மட்டும் 603 லட்சம் டன் இருந்தது. 50,000 டன் என்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மறுபுறம், உலக உணவுத் திட்டம் 2022-இல் ஆப்கானிஸ்தானில் 10 லட்சம் டன்னுக்கும் மேல் உணவு விநியோகித்தது. ஒரு குடும்பத்துக்கு மாதம் 50 கிலோ என்று வைத்துக்கொண்டால், இந்தியா அறிவித்த மொத்தக் கோதுமையும் பத்து லட்சம் குடும்பங்களுக்கு ஒரே ஒரு மாதத்துக்குத்தான் வரும். பத்து லட்சம் வீட்டில் ஒரு மாதம் அடுப்பெரிவது சிறிய செயல் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த மாதத்துக்கு என்ன என்று கேட்டால், அறிவிப்பில் விடை இல்லை.

கொண்டுசேர்ப்பதில் உள்ள இடர்ப்பாடு புதிதும் அல்ல. 2002-இல் இந்தியா ஆப்கானிஸ்தானுக்கு 10 லட்சம் டன் கோதுமை அறிவித்தது. கோதுமையாகவே கொண்டுசேர்க்க வழி திறக்கவில்லை. கடைசியில் அதில் ஒரு பகுதியைப் புரதச்சத்து மிகுந்த பிஸ்கட்டாக மாற்றி, உலக உணவுத் திட்டத்தின் மூலம் பள்ளிக் குழந்தைகளுக்கு வழங்கினார்கள். மூட்டையாகப் போக முடியாத தானியம் பொட்டலமாகப் போய், வகுப்பறையில் பிள்ளைகளின் கையில் பிரிந்தது. இந்தியாவின் கூட்டாண்மையில் நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு இதுதான். ஏனெனில் அது பல ஆண்டுகள் நீடித்தது. குழந்தை பள்ளிக்கு வரும், பிஸ்கட் கிடைக்கும் என்று ஒரு தாய் நம்பியிருக்க முடிந்தது.

அந்த நம்பிக்கை இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதை இந்தியா பெறுநராக இருந்தே அறியும். 1965 நவம்பரில் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் செயலர் ஆர்வில் ஃபிரீமனுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். இந்தியா வேளாண் கொள்கையை மாற்றும், அமெரிக்கா பி.எல். 480 சட்டத்தின் கீழ் தானியம் தரும் என்பது அதன் சாரம். அடுத்து வந்த வறட்சியில், 1966-இல் இந்தியா சுமார் ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி செய்தது. ஆனால் அதிபர் லிண்டன் ஜான்சன் மொத்தமாக ஒப்புதல் தரவில்லை. சிறு சிறு தவணைகளாக, தாமே பார்த்துப் பார்த்து விடுவித்தார். கப்பல் வந்தால்தான் ரேஷன் கடை திறக்கும் என்ற நிலையை அந்தத் தலைமுறை பார்த்தது. 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை இறக்குமதி செய்ய சுப்பிரமணியம் காட்டிய துணிவுக்குப் பின்னால் அந்த அவமானமும் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே 2022-இல் நடந்ததைக் கூர்ந்து நோக்க வேண்டியிருக்கிறது. மார்ச் மாத வெப்ப அலையில் கோதுமை கருகியது. வெளிச்சந்தை விலையும் ஏறியது. அரசுக் கொள்முதல் முந்தைய ஆண்டின் 433 லட்சம் டன்னிலிருந்து 188 லட்சம் டன்னாகச் சரிந்தது. மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. உணவுப் பாதுகாப்புக்காக வேறு அரசுகள் கோரினால் அனுமதிக்கலாம் என்ற விலக்கு இருந்தது உண்மை. ஆனால் அது இந்தியா ஒவ்வொரு முறையும் பார்த்துத் தரும் அனுமதி, கோருபவருக்கு உரிமை அல்ல. தவணை தவணையாக விடுவித்த பழைய முறையின் சாயல் இதில் இருக்கிறது.

அடுத்த மாதம் ஜெனீவாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் 12-ஆவது அமைச்சர்கள் மாநாடு, உலக உணவுத் திட்டம் மனிதநேய நோக்கில் வாங்கும் உணவுப்பொருளுக்கு எந்த நாடும் ஏற்றுமதித் தடை விதிக்கக்கூடாது என்று முடிவெடுத்தது. இந்த முன்மொழிவை நெடுநாள் எதிர்த்துவந்த இந்தியா, உள்நாட்டு உணவுப் பாதுகாப்புக்கான நடவடிக்கைகளை அது தடுக்காது என்ற வாசகம் சேர்ந்தபின் இசைந்தது. இந்தியாவின் மனக்குறையிலும் நியாயம் இருக்கிறது. ஆதரவு விலை கொடுத்து வாங்கிய அரசு இருப்பை வெளிநாட்டுக்கு விற்பதை வளர்ந்த நாடுகள் வர்த்தகச் சிதைவு என்கின்றன. அதே இருப்பை இலவசமாகக் கொடுத்தால் எவரும் எதிர்ப்பதில்லை. தானம் செய்யலாம், மனிதநேய அமைப்புக்குக்கூட விற்கக்கூடாது என்பது பொருந்தாத விதி. இந்த விதியை மாற்றக் கோரும் இந்தியா, தன் பங்குக்கு உலக உணவுத் திட்டத்துக்கான விலக்கை மனமாரச் செயல்படுத்தினால் அதன் கோரிக்கைக்கு வலு கூடும்.

சொந்த மண்ணில் பசி இருக்க வெளியே ஏன் தர வேண்டும் என்ற வினாவைத் தட்டிக்கழிக்க முடியாது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். எனினும் அந்தக் குழந்தைகளுக்குக் குறைவது பருப்பும் பாலும் முட்டையும் சுத்தமான குடிநீரும். கிடங்கில் தேங்கும் கோதுமையால் அந்தக் குறை தீராது. உண்மையான ஆபத்து கையிருப்பு வற்றுவதில்தான் இருக்கிறது. 2022 ஜூலை 1 அன்று கோதுமை இருப்பு 285 லட்சம் டன்னாக இறங்கியது. குறைந்தபட்சக் கையிருப்பு நெறிப்படி இருக்க வேண்டியது 275.8 லட்சம் டன். மயிரிழையில் தப்பிய அத்தகைய ஆண்டில் கோதுமையைக் கொடு என்று யாரும் கேட்க இயலாது. ஆனால் அரிசி இருப்பு அதே நாளில் நெறியைவிட மிக உயரத்தில் இருந்தது. எனவே வாக்குறுதியை ஒரு தானியத்தோடு கட்டாமல், நெறிக்கு மேற்பட்ட மொத்த உபரியில் ஒரு பங்கு என்று வரையறுத்தால், உள்நாட்டு ரேஷனுக்கும் வெளியுறவுக் கடப்பாட்டுக்கும் மோதல் வராது.

2025 ஆகஸ்டில் செறிவூட்டப்பட்ட அரிசி வழங்குவது குறித்து மத்திய உணவுத் துறையும் உலக உணவுத் திட்டமும் ஒரு விருப்பக் கடிதத்தில் கையெழுத்திட்டன. காலம் முக்கியமானது. 2022-இல் உலக உணவுத் திட்டத்தின் வரவில் ஏறத்தாழ பாதியைத் தந்த அமெரிக்கா பின்வாங்கிவிட்டது. 2025-இல் நிதி 40 விழுக்காடு குறையும் என்று அந்த அமைப்பே கணித்தது. இந்நிலையில் அரிசியை மட்டும் தருவது அரைகுறை உதவியாகிவிடும். தானியமாகத் தருபவர் கப்பல், லாரி, கிடங்கு, விநியோகம் ஆகிய செலவையும் ஏற்க வேண்டும், இயலாவிட்டால் பணம் தரும் வேறொரு நாட்டோடு இணைக்கப்பட வேண்டும் என்பது உலக உணவுத் திட்டத்தின் நெடுநாள் விதி. அரபு வளைகுடா நாடுகளிடமோ ஜப்பானிடமோ பேசி, இந்திய அரிசிக்கு அவர்கள் கப்பல் கூலி தரும் முத்தரப்பு ஏற்பாட்டை டெல்லி இப்போதே தொடங்கலாம். ஆண்டு அளவும், கோரிக்கை வந்த எத்தனை நாளில் இந்திய உணவுக் கழகம் சரக்கை விடுவிக்கும் என்பதும், தடைக்காலத்திலும் அது செல்லும் என்ற உறுதியும் அந்த ஏற்பாட்டின் ஆவணத்தில் எழுத்தாக இடம்பெற வேண்டும்.